பனியன் துணி கட்டிய குழாய்

வேல்விழிக்கு அருவருப்பு அதிகம் என்று எங்கள் வேதியியல் துறையில் எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர், அமிலம் அளந்த கண்ணாடிக் குவளையைக் குழாயில் ஒரு தடவை காட்டிவிட்டு அதிலேயே டீ ஊற்றிக் குடிக்கிறவர்கள். அவர்கள் வாயால் ஒருத்தியை அருவருப்பு பிடித்தவள் என்று சொன்னால் அவள் ஒழுங்காக இருக்கிறாள் என்று அர்த்தம். நான் அதே துறையில் பாடம் எடுக்கிறவன். என் அறைக்கும் அவள் பி.எச்.டி. ஆராய்ச்சி செய்த ஆய்வகத்துக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். அவள் கை கழுவுகிற சத்தம் நாள் முழுக்க எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் கழுவி அடுக்கி வைத்திருக்கும் தட்டை எடுத்துப் போய் மறுபடி கழுவாமல் அவள் சோறு வாங்கியதே இல்லை. பக்கத்தில் நிற்கிற பிள்ளைகள் கேலி செய்வார்கள். தட்டு தேய்ந்து ஓட்டை விழுந்துவிடும் அக்கா என்பார்கள். அவள் சிரித்துவிட்டு இன்னொரு முறை கழுவுவாள். தண்ணீர் பட்டால் அழுக்கு போகும் என்பதை யாராவது சந்தேகப்படுவார்களா? அவளும் சந்தேகப்படவில்லை.

அவள் வளர்ந்தது திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில், வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை வீடுகளில் ஒன்றில். அம்மா முத்துப்பேச்சி அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. தைத்து முடித்து வருகிற துணியை டியூப் லைட்டுக்குக் கீழே விரித்துப் போட்டு, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ சாயத் திட்டோ இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குகிற வேலை. அந்தக் கண் வீட்டுக்கு வந்தாலும் மூடாது. டம்ளரின் விளிம்பிலும் மகளின் கழுத்து மடிப்பிலும் கறை தேடும். வீட்டு வாசலிலோ திறந்த சாக்கடை. ஒரு நாள் சிவப்பாக ஓடும், ஒரு நாள் கத்திரிப்பூ நிறத்தில் ஓடும். எந்தக் கம்பெனிக்கு என்ன ஆர்டர் வந்திருக்கிறது என்பதைச் சாக்கடையைப் பார்த்தே சொல்லிவிடலாம். வரிசைக்கெல்லாம் சேர்த்து ஒரே கக்கூஸ். உள்ளே போகும்போது மூக்கை மூடி வாயால் மூச்சு விடக் கற்றுக்கொண்டதுதான் தான் கற்ற முதல் பாடம் என்று வேல்விழி என்னிடம் சொல்லியிருக்கிறாள். அப்படி வளர்ந்த பிள்ளைக்கு அருவருப்பு வராமல் என்ன வரும்?

வேதியியலுக்கு வந்ததும் அந்த அருவருப்பால்தான். ஆல்கஹாலை ஆல்டிஹைடு ஆக்குவது வாசனைப் பொருள்களுக்கும் மருந்துகளுக்கும் தேவைப்படுகிற காரியம். அதைப் பழைய முறையில் செய்ய வேண்டுமென்றால் குரோமியம் உப்பைக் கொட்ட வேண்டும். ஆரஞ்சு நிறத்தில் தொடங்கிப் பச்சைச் சேறாக முடியும். கைப்பிடி சரக்குக்கு ஒரு வாளிச் சேறு. தொட்டால் தோல் வெந்துபோகும், வயிற்றுக்குள் போனால் புற்றுநோய். பி.எஸ்சி. படிக்கும்போது அந்தச் சேற்றை ஆய்வகத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கொட்டுவதை அவள் பார்த்திருக்கிறாள். மரம் இப்போது இல்லை.

எம்.எஸ்சி.யில் வேறொரு முறையைப் படித்தாள். சேறும் இல்லை, விஷமும் இல்லை. மாங்கனீசு ஆக்சைடு போன்ற ஒரு கருப்புத் தூள், நாம் மூச்சு விடுகிற அதே ஆக்சிஜன், கொஞ்சம் சூடு, அவ்வளவுதான். தூள் தன் கையிலிருக்கும் ஆக்சிஜனை ஆல்கஹாலிடம் கொடுக்கும். கொடுத்ததை, குமிழ் விட்டுக்கொண்டு வருகிற வாயுவிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும். நடுவில் நின்று காரியத்தை முடித்துக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் மாறாமல் இருக்கிற இந்தத் தூளுக்குத்தான் வினையூக்கி என்று பெயர். கடைசியில் கழிவாக மிஞ்சுவது வெறும் தண்ணீர். இதைப் படித்த அன்று அவளுக்கு அழுகை வந்ததாம். குப்பையே இல்லாமல் ஒரு வேலை நடக்கும் என்று அதுவரை அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

எங்கள் துறைத்தலைவர் பேராசிரியர் சென்னியப்பனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். விடுதியில் துணை வார்டன் வேலையும் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கினாள். சென்னியப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், மேடை கிடைத்தால் விடமாட்டார், ஆய்வகத்துக்குள் வரமாட்டார். பசுமை வேதியியல் என்ற சொல்லை அவர் உச்சரிக்கிறபோது வாயில் வெண்ணெய் வைத்திருக்கிற மாதிரி இருக்கும்.

வேல்விழி செய்த வேலை இது. மாங்கனீசு உப்புக் கரைசலிலிருந்து தூளைப் படிய வைப்பாள். அதைக் கழுவுவாள். உலர்த்திச் சுடுவாள். பிறகு பென்சைல் ஆல்கஹாலில் போட்டு, சூடாக்கி, சிலிண்டரிலிருந்து ஆக்சிஜனைக் குமிழ் விட வைப்பாள். வினை நடந்தால் பென்சால்டிஹைடு வரும். அது வருவதை அறிய கருவியே வேண்டாம், மூக்கு போதும். பஸ் ஸ்டாண்டில் விற்கிற பாதாம்பாலின் அதே வாசனை அடிக்கும். அவளுக்கு முன்னால் அங்கே ஆராய்ச்சி செய்தவர்களால் பாதிக்கும் கீழேதான் மாற்ற முடிந்தது. வேல்விழி கை வைத்ததும் ஆல்கஹால் கிட்டத்தட்ட முழுக்க மாறியது. தாழ்வாரம் பூராவும் பாதாம்பால் வாசனை.

என்ன வித்தியாசம் என்று நான் கேட்டபோது கழுவுவதுதான் என்றாள். மற்றவர்கள் இரண்டு மூன்று தடவை கழுவி விட்டுவிடுவார்களாம். இவளுக்கு மனசு ஒப்பாது. கேன் கேனாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருப்பாள். தண்ணீர் கொண்டுவந்து வைப்பவர் ஆய்வக உதவியாளர் கன்னையன். கேன் மேலே 'டிஸ்டில்டு வாட்டர்' என்று மார்க்கரில் எழுதியிருக்கும். சுத்தம் செய்தால் சோறு கிடைக்கும் என்பதற்கு வேல்விழியே சாட்சி என்று சென்னியப்பன் ஒரு கூட்டத்தில் பேசினார். கைதட்டினோம்.

அந்தப் பெருமையில் அவளைச் சென்னையில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பினார். அங்கே போய் அதே தூளை அவர்கள் கண்முன்னே செய்து காட்ட வேண்டும். நல்ல கருவிகளில் அதைச் சோதித்துக்கொண்டும் வரலாம். அவளும் அதே உப்பு, அதே அளவு, அதே சூடு வைத்துச் செய்தாள். அங்கே இருந்த அருமையான சுத்தத் தண்ணீரில் ஆசை தீரக் கழுவினாள். ஆக்சிஜனைத் திறந்துவிட்டால் தூள் ஒரு வேலையும் செய்யாமல் செங்கல் பொடி மாதிரி கிடக்கிறது. மறுபடி செய்தாள். மறுபடியும் அப்படியே. மூக்கை வைத்து வைத்துப் பார்த்தாள், வாசனை இல்லை.

அங்கிருந்த விஞ்ஞானி ஒருவர் சத்தம் போடவில்லை. மரியாதையாகவே, "உங்க ஊர்ல பனியன் மாதிரி ரிசல்ட்டையும் ஆர்டருக்குத் தைப்பீங்களாம்மா?" என்று கேட்டாராம்.

அதை என்னிடம் சொல்லும்போது அவள் முகம் வெளுத்திருந்தது. ஒருத்தி தன் வேலையில் ஒரு பொட்டுக் கறை இல்லாமல் பார்த்துக்கொள்வாள், அவளைப் பார்த்து ஒருவன் இப்படிக் கேட்பான். அவன்மேல் எனக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

திருப்பூர் திரும்பிய அன்றே தூளைச் செய்தாள். வழக்கம்போல் வாசனை தாழ்வாரத்தைத் தூக்கியது. அப்படியானால் அங்கே இல்லாத ஏதோ ஒன்று இங்கே இருக்கிறது. உப்பு வாங்கிய புட்டியைச் சந்தேகப்பட்டாள், உலையைச் சந்தேகப்பட்டாள், தன் கையைக்கூடச் சந்தேகப்பட்டாள். கழுவுகிற தண்ணீரை மட்டும் சந்தேகப்படவில்லை. ஒரு நாள் கேனில் தண்ணீர் தீர்ந்துபோய், கன்னையன் வரத் தாமதமாக, அவரைத் தேடிக்கொண்டு போனாள். விடுதிச் சமையல்கட்டுக்குப் பின்னால் போர் தண்ணீர்க் குழாயடியில் அவர் உட்கார்ந்திருந்தார். கேன் நிரம்பிக்கொண்டிருந்தது.

குழாயின் வாயில் வெள்ளைப் பனியன் வேஸ்ட் துணியை மடித்து நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. எங்கள் ஊரில் பாதி வீடுகளில் குழாய்க்கு இப்படி ஒரு கோமணம் உண்டு. கம்பெனியில் மீந்த துண்டுத் துணி சும்மா கிடைக்கும், மண்ணும் புழுவும் வராமல் தடுக்கும், அதனால் தண்ணீர் சுத்தம் என்று எல்லோரும் நம்புவார்கள். அந்தத் துணி இப்போது வெள்ளையாக இல்லை. தண்ணீர் விழுகிற இடத்தில் நீலப்பச்சையாக ஒரு வளையம். ஓரமெல்லாம் சளி மாதிரி ஏதோ கோத்துக்கொண்டு தொங்கியது. கிட்டப் போனால் அழுகின முட்டை நாற்றம்.

கன்னையன் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டியது ஏதாவது இருப்பதாகவே அவருக்குத் தெரியாது. தண்ணீரைக் காய்ச்சி வடிக்கிற கருவியின் சூடேற்றும் கம்பிச்சுருள் உப்புப் படிந்து எப்போதோ எரிந்துபோனது. துறைத்தலைவரிடம் சொன்னார், ஏதாவது செய்து சமாளி என்று பதில் வந்தது. அவரும் சமாளித்தார். "சும்மா புடிக்கறதில்லீங்க கண்ணு. நாலு மடிப்பு போட்டுக் கட்டியிருக்கறன், வெள்ளிக்கெளமைக்கு வெள்ளிக்கெளமை துணி மாத்திப்போடுவனுங்க" என்று அக்கறையாகச் சொன்னார். ஏமாற்றுகிறவன் முகம் அப்படி இருக்காது.

கேன் நிரம்பியதும் அதை நகர்த்திவிட்டு, பின்னால் காத்திருந்த பெரிய அலுமினிய அண்டாவைக் குழாயடியில் வைத்தார் சமையல்கார ரங்காத்தாள். அண்டாவில் அரிசி இருந்தது. விடுதிப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு. குடிக்க மட்டும்தான் விடுதியில் கடையில் வாங்குகிற கேன் தண்ணீர். உலையும் குழம்பும் ரசமும் இந்தக் குழாயில்தான். வேல்விழி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். வாய் கொப்பளிக்கத் திரும்பி வந்தவள், குழாயைப் பார்த்து மறுபடி எடுத்தாள்.

அந்தத் தண்ணீரையும் தன் தூளையும் சோதனைக்கு அனுப்பினாள். வந்த விடை எளிமையானது. தண்ணீரில் செம்பும் கோபால்ட்டும் இருந்தன. சில நீலச் சாயங்களுக்கு உள்ளே செம்பு இருக்கும், சில கருப்புகளில் கோபால்ட் இருக்கும். மாங்கனீசு ஆக்சைடுக்கு ஒரு குணம் உண்டு. இந்த உலோகங்கள் தண்ணீரில் எவ்வளவு குறைவாகக் கலந்து ஓடினாலும் பிடித்து ஒட்டவைத்துக்கொள்ளும். பலாச்சுளையில் ஈ மொய்ப்பதுபோல் அவை வந்து தூளின்மேல் உட்கார்ந்திருந்தன. ஆக்சிஜனை வாங்கி ஆல்கஹாலுக்குக் கொடுக்கிற வேலையை விரட்டி விரட்டிச் செய்ய வைத்தவை அவைதான். அவள் எவ்வளவு கழுவினாளோ அவ்வளவு சாயக்கழிவு தூளில் ஏறியது. மற்றவர்களைவிட அவளுக்கு நல்ல விளைச்சல் வந்ததற்குக் காரணம், மற்றவர்களைவிட அவள் அதிகம் கழுவியதுதான். உலகத்திலேயே அழுக்கில்லாத வினை என்று அவள் கும்பிட்ட வினை, அவள் வீட்டு வாசல் சாக்கடையில் நடந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவளால் பாதாம்பால் கடையைத் தாண்டிப் போக முடியவில்லை. எதிர் வரிசைக்கு மாறி நடப்பாள்.

விடையை எடுத்துக்கொண்டு சென்னியப்பனிடம் போனாள். ஆராய்ச்சி எப்படிப் போனாலும் சரி, அந்தக் குழாயை முதலில் நிறுத்த வேண்டும் என்றாள். அவள் கேட்டது அது ஒன்றைத்தான். செலவும் கிடையாது. சோறு நிறம் மாறுகிறது என்று முன்பு விடுதிப் பெண் ஒருத்தியின் அப்பா சத்தம் போட்டதில், முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அது பெட்டி பிரிக்காமல் சமையல்கட்டு வராந்தாவில் கிடந்தது. மேலே கத்திரிக்காய்க் கூடையும் வெங்காய மூட்டையும் வைத்திருந்தார்கள். அதை மாட்டினால் போதும்.

சென்னியப்பன் முதலில் கோபப்பட்டார். மறுநாள் வழக்கத்துக்கு மாறாக அவரே ஆய்வகத்துக்குள் சிரித்த முகத்தோடு வந்தார். ராத்திரியெல்லாம் யோசித்து அவர் கண்டுபிடித்திருந்தது இதுதான்: இந்தத் தண்ணீர்தான் புதுமை. ஆய்வேட்டில் இதை 'இப்பகுதியின் இயற்கைக் கனிம வளம் மிக்க நிலத்தடி நீர்' என்று எழுத வேண்டும். உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத தண்ணீர், அதை வைத்துப் பெரிய திட்டமே போடலாம். வேல்விழி, சுத்தத் தண்ணீரில் ஒரு சிட்டிகை செம்பு உப்பும் கோபால்ட் உப்பும் போட்டாலே இதே வேலை நடக்கும் என்றாள். அதில் என்ன புதுமை இருக்கிறது என்று அவர் கேட்டார்.

இயற்கைக் கனிமமாம். கல்லூரி மதில் சுவருக்கு அந்தப் பக்கம் சாயப்பட்டறை. கல்லூரித் தாளாளருடையது. ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடுவதில்லை என்று வாசலில் போர்டு வைத்திருக்கும் பட்டறை. மழை பெய்தால் மதிலோரத்துத் தவளை நீலமாக இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று நம் ஊரில் சொல்வார்கள். இவர் சோற்றையும் சேர்த்து மறைக்கப் பார்த்தார்.

அப்படியானால் உங்களுக்கு வேண்டிய தண்ணீரைத் தனியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், சமையல்கட்டுக்காவது இயந்திரத்தை மாட்டுங்கள் என்று வேல்விழி விடாமல் கேட்டாள். அப்போது அவர் ஆய்வகக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். பிளைவுட் தடுப்புக்குக் கதவு கிடையாது, எனக்கு நன்றாகவே கேட்டது.

"மெஷினை மாட்டுனா தண்ணி கெட்டுப்போச்சுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமல்லம்மா. கெடுத்தது யாருன்னு அடுத்த கேள்வி வரும். உனக்கு டிகிரி வேணுமா வேண்டாமா, அத மட்டும் சொல்லு."

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அன்று சாயங்காலம் மகளுக்கு மாற்றுத்துணி கொடுக்க வந்த முத்துப்பேச்சி, முகத்தைப் பார்த்தே ஏதோ கறை என்று கண்டுபிடித்துவிட்டார். விடுதி வாசலில் நின்று விவரம் கேட்டார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். செம்பு, கோபால்ட்டு என்பதெல்லாம் அவருக்குப் புரிந்ததோ என்னவோ, சோற்றில் சாயம் என்பது புரிந்தது.

"கறையைப் பாத்துட்டுப் பாக்காத மாதிரி பீஸைத் தள்ளிவிட்டா அது சரக்கு வாங்குற பையர் கையில போயித்தான் நிக்கும் தாயி. அவென் கைக்குப் போனாத்தான் கம்பெனிக்கே கண்ணு தெரியும். அதுவரைக்கும் நாம கத்துனா ஒரு பயலும் திரும்பிப் பாக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

வேல்விழி மறுநாள் சென்னியப்பனிடம் சரி என்று சொல்லிவிட்டாள். ஆய்வேட்டில் தண்ணீரில் என்னென்ன உலோகம் எவ்வளவு இருந்தது என்பதை எழுதினாள். அவர் கொடுத்த அந்த அழகான பெயரையும் எழுதினாள். எனக்கு அவள்மேலும் வெறுப்பு வந்தது. இவளும் இவ்வளவுதானா என்று நினைத்தேன். பிள்ளைகள் அதே சோற்றைத் தின்றுகொண்டிருந்தார்கள். அவளும் அவர்களோடு உட்கார்ந்து, தட்டை இரண்டு முறை கழுவி, அதையே தின்றாள். வெளியே வாங்கித் தின்னலாமே என்று கேட்டதற்கு, இத்தனை பேரை விட்டுவிட்டுத் தான் மட்டும் எப்படி என்று முனகினாள்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு மூத்த பேராசிரியை தேர்வாளராக வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம், வைவா அன்று எல்லோருக்கும் மதியச் சாப்பாடு போட வேண்டியது ஆராய்ச்சி மாணவியின் பொறுப்பு. கேள்வி கேட்க வருகிறவர்களைவிட இலை போடும்போது வருகிறவர்கள்தான் அதிகம். நல்ல ஓட்டலில் சொல்லிவிடு என்று சென்னியப்பன் அவளிடம் ஒரு வாரமாக நினைவுபடுத்திக்கொண்டிருந்தார். அவளும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் அவள் என் அறைக்கு வந்து, கூட்டத்தில் தான் சொல்லித்தருகிற ஒரே ஒரு கேள்வியை நான் கேட்க வேண்டும் என்றாள். ஏன் என்று சொல்லவில்லை.

அவள் பேசி முடித்து, தேர்வாளர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி முடித்ததும் நான் எழுந்தேன். இந்தத் தண்ணீரில் சமைத்துச் சாப்பிட்டால் ஆபத்து உண்டா என்று கேட்டேன். வேல்விழி வாயைத் திறக்கும் முன் சென்னியப்பன் மைக்கை வாங்கிக்கொண்டார். துளிகூட ஆபத்து இல்லை, எங்கள் விடுதிக் குழந்தைகள் தினமும் இதில்தான் சமைத்துச் சாப்பிடுகிறார்கள், ஒரு தலைவலிகூட வந்ததில்லை, இது இயற்கை கொடுத்த தாதுநீர் என்று முழங்கினார். முன்வரிசையில் தலைகள் ஆடின. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த விடுதிப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தேர்வாளர் ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு பட்டத்துக்குப் பரிந்துரை செய்வதாக அறிவித்துக் கையெழுத்துப் போட்டார்.

கருத்தரங்க அறைக்கு வெளியே நீள மேசை போட்டு இலை விரித்திருந்தது. சென்னியப்பனுக்குப் பசி. சாம்பாரைக் குழைத்து அடித்தார், பொரியலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். ரசம் வந்ததும் உள்ளங்கையைக் குழித்து வாங்கி உறிஞ்சினார். மணிக்கட்டு வழியாக முழங்கை வரை வழிந்ததை நக்கிக்கொண்டார். நானும் எதிரே உட்கார்ந்து தின்றுகொண்டுதான் இருந்தேன். தேர்வாளர் ரசம் பிரமாதம், எந்த ஓட்டல், சிறுவாணித் தண்ணியில் வைத்த மாதிரி இருக்கிறதே என்று பரிமாறியவரிடம் கேட்டார். பரிமாறியவர் ரங்காத்தாள். அதுவரை நாங்கள் யாரும் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஓட்டல் இல்லீங்க சாமி, நம்ம ஆஸ்டல் சமையலுங்க. நம்ம போர் தண்ணியில வெச்சதுதானுங்க" என்றார் அவர் சந்தோஷமாக.

சென்னியப்பனின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. வேல்விழி அவருக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தாள். சாதாரணமாக, தண்ணீர் கேட்கிற குரலில் சொன்னாள்:

"நாங்க தெனமும் சாப்பிடுறதுதான் சார். ஒரு தலைவலிகூட வராதுன்னு இப்பத்தான சொன்னீங்க."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து தாழ்வாரத்துக் கைகழுவும் குழாய்க்கு ஓடினார். விரலைத் தொண்டைக்குள் விட்டார். குழாயைத் திறந்து வாய் நிறையத் தண்ணீரை வாங்கிக் கொப்பளித்தார். அப்போதுதான் அவர் கண் குழாயின் வாயில் கட்டியிருந்த பனியன் துணியில் விழுந்தது. கன்னையன் இங்கேயும் நாலு மடிப்பு போட்டுத்தான் கட்டியிருந்தார். இதுவும் அதே போர், அதே நீலப்பச்சை வளையம். சென்னியப்பன் கன்னம் உப்ப அந்தத் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றார். துப்பினால் சற்றுமுன் மைக்கில் சொன்னது பொய். விழுங்கவும் முடியவில்லை. கடைசியில் துப்பினார். அத்தனை பேரும் பார்த்தோம், தேர்வாளரும் பார்த்தார்.

தேர்வாளர் இலையை மூடிவிட்டு எழுந்தார். நேராக முதல்வர் அறைக்குப் போனார். என்ன பேசினார் என்று தெரியாது, கதவு தாண்டியும் சத்தம் கேட்டது. அன்று சாயங்காலமே கத்திரிக்காய்க் கூடையும் வெங்காய மூட்டையும் இறங்கின, பெட்டி பிரிந்தது. இத்தனை காலம் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போனபோது யாருக்கும் அவசரம் இல்லை. ஒரு பேராசிரியர் வாய்க்கும் விருந்தாளி வாய்க்கும் போனதும் பிளம்பர் ஓடி வந்தான். இந்த ஊரை நினைத்தால் எனக்குக் காறித் துப்பத்தான் தோன்றுகிறது. மதிலுக்கு அந்தப் பக்கத்துப் பட்டறையை ஒருவரும் தொடவில்லை. மறுநாள் காலை மதிலோரம் பச்சையாகக் கசிந்துகொண்டிருந்தது.

இயந்திரம் மாட்டியபின் ஊருக்கு எடுத்துக்காட்ட ஒரு சான்றிதழ் ஒட்டினார்கள். வேல்விழி அதை நம்பவில்லை. சமையல்கட்டில் இயந்திரத்திலிருந்து வந்த தண்ணீரைத் தானே பிடித்துக்கொண்டு வந்தாள். வழக்கம்போல் தூளைப் படிய வைத்து, அந்தத் தண்ணீரில் கேன் கேனாகக் கழுவினாள். உலர்த்திச் சுட்டு, ஆல்கஹாலில் போட்டு, ஆக்சிஜனைத் திறந்தாள். என்னையும் கூப்பிட்டாள். இருவரும் குடுவையின் வாயில் மூக்கை வைத்து நின்றோம். குமிழ் வந்துகொண்டே இருந்தது. வெகுநேரம் நின்றோம். தூள் செங்கல் பொடியாகக் கிடந்தது. பாதாம்பால் வாசனை வரவே இல்லை.

நான்கு வருட ஆராய்ச்சி அவள் கண்முன்னே செத்துக் கிடந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆக்சிஜனை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு விடுதிக்குப் போனாள். அடுக்கில் இருந்த ஒரு தட்டை எடுத்தாள். கழுவாமல் அப்படியே நீட்டி ரங்காத்தாளிடம் சோறு வாங்கினாள்.